உலகம்மாள் பேர் வெட்டிய பாத்திரங்கள்

அம்பலக்குறிச்சியில் பாத்திரங்கள் தாமாகவே வீடு திரும்பும் என்று சொன்னால் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் இரவல் போன குழம்புச் சட்டி இரவல் போனதுதான், எங்கள் ஊரிலோ அது மறுநாள் விடிவதற்குள் படியேறி வந்து அடுப்படிக் கதவோரம் நிற்கும், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எல்லா ஊரையும் போல எங்கள் ஊரிலும் ஒரு டம்ளர் வாங்கினால்கூடப் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். கல்யாண வீட்டில் மாறிப்போகும் என்பது சொல்லுகிற காரணம், நம் பெயர் நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்பது சொல்லாத காரணம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே குற்றாலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. அங்கே பெயர் வெட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது, பேனா மாதிரி இருக்கும், வண்டு மாதிரி இரையும், புள்ளி புள்ளியாகப் பெயரைக் கீறித் தரும். அந்த மெஷினைப் பிடித்தவள் உலகம்மாள்.

உலகம்மாள் மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் சிவனணைந்தபெருமாள் பம்பாய்க்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். "ஆம்பளை என்னைக்காவது திரும்பி வருவான், நீ இங்கனயே கெட" என்றாள் மாமியார் ஆவுடைத்தங்கம். உலகம்மாள் கிடக்கவில்லை, கட்டின சேலையோடும் கையில் ஒரு தூக்குச்சட்டியோடும் படியிறங்கி வந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு ஒன்று பிடித்து, அண்ணாச்சி கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சீராகக் கொண்டுபோன பாத்திரங்கள் எல்லாம் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டன. மற்றவை போனால் போகிறது என்று விட்டுவிட்டாள், ஒன்றே ஒன்றுதான் அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது, அவளுடைய அம்மா வருஷா வருஷம் பொங்கல் வைத்த வெண்கலப் பானை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பானை மட்டும் இருந்தது, அதுவும் ஆவுடைத்தங்கத்தின் பரணில் இருந்தது.

பெண்ணுக்குப் போடுகிற பாத்திரத்தில் மாப்பிள்ளையின் பெயரை வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் அப்பா மருமகனின் அவ்வளவு நீளமான பெயரைப் பானையின் கழுத்தைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி மெஷினில் வெட்டவைத்துப் பூரித்துப் போனார். "போய்க் கேளேம்மா, உங்க அம்மை பானைதான?" என்று அவளிடம் சொல்லாத ஆள் கிடையாது. "கேட்டு வாங்குத பழக்கம் எங்க வீட்ல கெடையாது" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வாள். தை பிறந்தால் ஒரு எவர்சில்வர் சட்டியில் பொங்கல் வைப்பாள், பொங்கும்போது குலவை போட மாட்டாள். பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் அரிசியும் கருப்பட்டியும் மஞ்சள் குலையும் பொங்கல்படியாகத் தெருவழியே போய்க்கொண்டிருக்கும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி இருக்கையில் ஓர் ஆவணி முகூர்த்தத்தில், கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது, மெஷின் புகைந்து செத்துப்போயிற்று. "கையால வெட்டுனா என்ன? எங்கய்யா காலத்துல உளியாலதான வெட்டுனாவ" என்றார் அண்ணாச்சி, சொல்லுகிறவருக்கு என்ன, அவர் ஒரு நாளும் உளியைத் தொட்டதில்லை. உலகம்மாள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில், அழகான மரப்பெட்டிக்குள் ஒரு டஜன் உளிகள் படுத்திருப்பதைப் பார்த்து மயங்கி, பெட்டியோடு வாங்கி வந்தாள். வளைந்தது, நெளிந்தது, வாத்து மூக்கு மாதிரி தட்டையானது, எதற்கென்றே தெரியாதது எல்லாம் அதில் இருந்தன. ஓட்டைச் செம்பு ஒன்றை வெட்டி விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் அவளை ஏமாற்றியது, ஒன்று வழுக்கியது, ஒன்று குத்திக்கொண்டு நின்றது, ஒன்று அவள் இடதுகைப் பெருவிரலை உழுதது. கடையில் பாத்திரம் வாங்க வந்தவர்கள் பாத்திரம் வாங்குவதை மறந்துவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் எங்கள் ஊர்க்காரியை என்னவென்று நினைத்தீர்கள்! பெட்டியிலிருந்து மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்தாள், நேர்க்கோட்டுக்கு ஒரு சதுர முனை, நம் எழுத்தின் சுழிகளுக்குள் புகுந்து திரும்ப ஒரு ஒல்லி முனை, கோட்டை அகலமாக்க ஒரு தட்டை முனை, மற்றதைப் பெட்டியோடு பரணில் போட்டாள். கைப்பிடிகள் யாரோ தடியன் கைக்குச் செய்தவை, அவள் உள்ளங்கையில் அடங்கவில்லை, ரம்பத்தை எடுத்து அறுத்தாள், உளியின் பின்பக்கம் உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்து முனை பெருவிரலைத் தாண்டிக் கொஞ்சமே எட்டிப் பார்க்கிற அளவுக்கு அறுத்தாள். அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது, கடையில் வாங்கின உளி கூரே இல்லை, அது வெறும் இரும்பு, கூரை நாம்தான் அதற்குக் கொடுக்கவேண்டும்.

எண்ணெய்க்கல்லில் தேய்க்க உட்கார்ந்தாள். மணிக்கட்டு ஆடினால் உளியின் முனைமுகம் உருண்டுவிடுகிறது என்று கண்டு முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துத் தேய்த்தாள், ரொம்பச் சரித்துத் தேய்த்தால் முனை ஊசியாகி எவர்சில்வரில் பட்டதும் ஒடிகிறது என்று கண்டு கொஞ்சம் நிமிர்த்தித் தேய்த்தாள், முனைக்குக் கீழே இருக்கிற அடிவயிறு தட்டையாகவே இருந்தால் உளி மண்வெட்டி மாதிரி உலோகத்துக்குள் இறங்கிவிடுகிறது என்று கண்டு அடிவயிற்றையும் ஒரு இழை தூக்கித் தேய்த்தாள். கூர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் பெருவிரல் நகத்தில் முனையை மெல்ல வைப்பாள், வழுக்கினால் மழுங்கல், பிடித்தால் கூர். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், மழுங்கின முனையில் ஒரு பொட்டு வெளிச்சம் உட்காரும், கூரான முனையில் வெளிச்சத்துக்கு உட்கார இடம் இருக்காது. அவள் நகம் முழுக்கக் கீறலாகிப்போனது, எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணின் நகமும் அவ்வளவு அழகாக இல்லை.

முதல் பெயரைத் தன் தூக்குச்சட்டியிலேயே வெட்டினாள், உலகம்மாள் என்று, ஒரே ஆழத்தில், ஒரே அகலத்தில். அன்று மாலை அதில் கொஞ்சம் சாம்பார் ஊற்றிப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் தூக்குச்சட்டி, கழுவிய ஈரம் காயாமல், மூடி சரியாகப் போட்டு, வாசற்படியில் நிற்கிறது. "நீங்களா கொண்டாந்து வச்சிய, யக்கா?" என்று கேட்டாள். "நான் எங்க கொண்டாந்தேன்? கதவைத் தொறந்தேன், அது எறங்கிப் போயிட்டு. அவசரமா இருக்கும்போலன்னு விட்டுட்டேன்" என்றாள் மரியபுஷ்பம். இரண்டு பேரும் அவரவர் கோலத்தைப் போட்டு முடித்தார்கள்.

அதற்குப் பிறகு உளியால் பெயர் வெட்டிய எல்லாப் பாத்திரமும் திரும்பியது. தெருவிளக்கு அணைகிற நேரத்தில், முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் நடக்கிற மாதிரி, சட்டிகளும் வாளிகளும் தாம்பாளங்களும் அதனதன் வீட்டைப் பார்த்துப் போகும். நாய்கள் முதல் வாரம் குரைத்தன, அப்புறம் அலுத்துவிட்டன. பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி அண்டாவுக்கு வழிவிடுவார். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் மறந்து வைத்துவிட்ட டிபன் டப்பா ஒன்று முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியது, கண்டக்டர் அதை முன்பக்கச் சீட்டில் உட்காரவைத்திருந்தார்.

சிக்கல் வராமல் இருக்குமா? முதல் சிக்கல் கல்யாணத்தில் வந்தது. மொய்ப் பாத்திரத்தில் 'அன்பளிப்பு' என்று போட்டுக் கொடுத்தவர் பெயரை வெட்டுகிற பழக்கம் நமக்கு உண்டல்லவா, ஹெட்மாஸ்டர் மகள் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கும் குடமும் ஹாட்பாக்ஸும் விடிந்ததும் வரிசையாகக் கிளம்பி, கொடுத்தவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. கொடுத்தவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவை திரும்ப வந்தன. கடைசியில் அண்ணாச்சி புது மெஷின் ஒன்று வாங்கிப்போட்டார். மெஷினில் வெட்டிய பெயருக்கு நடக்கத் தெரியாது, ஆகவே கொடுத்தவர் பெயர் மெஷினில், வாங்கியவர் பெயர் உளியில் என்று ஊர் முடிவு செய்தது. விளம்பரத்துக்கு மெஷின், வீட்டுக்கு உலகம்மாள் என்று அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சிக்கல் உலகம்மாளுடையது. ஒரு நெருக்கடியான நாளில் உளியைத் தீட்டாமலே ஒரு தாம்பாளத்துக்குப் பெயர் வெட்டிவிட்டாள், வழுக்கி வழுக்கி, ஓரமெல்லாம் பிசிறு தட்டி. மறுநாள் அந்தத் தாம்பாளம் தெருமுக்குக் கிணற்றடியில் போகிற திசை தெரியாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றது. பார்த்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மடியில் கட்டித் தூக்கி வந்து, பிசிறைத் தேய்த்தெடுத்து, கோட்டை மறுபடி கூராக வெட்டி, வீடுவரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள். அன்றுமுதல் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு தடவை கல், ஒரு தடவை நகம், ஒரு தடவை வெயில். எவ்வளவு கூட்டம் நின்றாலும், எவன் அவசரப்பட்டாலும், இதில் மாற்றம் கிடையாது.

மூன்றாவது சிக்கலைக் கொண்டுவந்தவன் கீழத்தெரு சப்பாணிமுத்து. கோயில் உருளியைத் தன் உருளி என்று தூக்கி வந்து பெயர் வெட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டான். அது மறுநாள் கோயில் மடப்பள்ளியிலிருந்து கிளம்பி அவன் வீட்டுக்குப் போனதைத் தெருவே பார்த்தது, அன்று சாமிக்கு நைவேத்தியம் தாமதமாகிவிட்டது. ஊர்கூடி அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். பெயர் வெட்ட வந்த பாத்திரத்தை, உளியைத் தீட்டிய பிறகு, உலகம்மாள் கடைப் படியில் நின்று உயரத் தூக்கிக் காட்டி, "இது யார் வீட்டுது?" என்று மூன்று தரம் கேட்பாள். பாத்தியதை உள்ளவர்கள் தெருவில் இறங்கி நின்று சொல்லவேண்டும், கொண்டுவந்தவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும், தீர்ந்தபிறகுதான் வெட்டு. எண்ணெய்க்கல்லில் உளி உரசுகிற சத்தம் கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடக் கடைப்பக்கம் திரும்பிவிடுவார்கள், பஸ்ஸை விட்டவர்களும் உண்டு.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நமக்கு ஆகாது, ஆனால் தானாகக் கிளம்புகிற பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கோலத்திலேயே கிளம்பிவிடுகிறது. மனசு கேட்காமல் பெண்கள் இருட்டுவதற்கு முன்னே இரவல் பாத்திரத்தை நிமிர்த்திவைத்து அதில் ஒரு கை சீனியோ, நாலு முருங்கைக்காயோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பூவோ போட்டுவைத்தார்கள். இரவல் வாங்குவது எங்கள் ஊரில் கூடிப்போனது, சண்டை குறைந்துபோனது.

மார்கழி பாதி கழிந்திருந்தது. ஒரு நாள் காலை வெயிலில், தலைச்சுமையாக ஒரு வெண்கலப் பானையை வைத்துக்கொண்டு, மேலத்தெருவிலிருந்து ஆவுடைத்தங்கம் வந்தாள். தெருவில் எல்லார் வீட்டுப் பாத்திரத்துக்கும் உளிப்பெயர் இருக்க, தன் வீட்டில் மட்டும் மெஷின் பெயர் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைப் படியில் பானையை இறக்கினாள், மருமகளைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கடைப் பொம்பளைட்ட சொல்லுங்க. எம் மவன் பேரை இதுல வெட்டணும்."

அண்ணாச்சி உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் பானையைப் பார்த்தாள். அம்மா கரண்டியால் தட்டித் தட்டி விளிம்பில் விழுந்திருந்த அந்தச் சின்ன ஒடுக்கு அப்படியே இருந்தது. கழுத்தைச் சுற்றி எறும்பு வரிசை, சிவனணைந்தபெருமாள்.

"வெட்டலாம்" என்று அண்ணாச்சியிடமே சொன்னாள். ஒல்லி உளியை எடுத்து நகத்தில் வைத்தாள், வழுக்கியது. நேற்று ஓர் எவர்சில்வர் வாளிக்கு உழைத்த களைப்பு அதற்கு. அப்படியே வெட்டினால் போதும், பானை ஒருவர் வீட்டுக்கும் சேராது, முக்கில் நின்று சுற்றும், சுற்றுகிற பானையை யாரும் தூக்கிக்கொள்ளலாம். இது அவள் மனசில் ஓடாமலில்லை, ஓடியது என்று பிற்பாடு அவளே மரியபுஷ்பத்திடம் சொன்னாள். ஆனால் அம்மாவின் பானையில் மழுங்கின உளியை வைக்க அவள் கை மறுத்துவிட்டது. கல்லை எடுத்து, எண்ணெய் விட்டு, முழங்கையை விலாவில் ஒட்டித் தேய்க்க ஆரம்பித்தாள். அவ்வளவு நேரம் அவள் எந்த உளியையும் தீட்டி நாங்கள் கண்டதில்லை. சத்தம் கேட்டுத் தெரு கூடியது, டீக்கடை காலியானது, செங்கோட்டை பஸ் வந்து நின்றது, அதிலிருந்தும் தலைகள் நீண்டன. நகம் பிடித்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தாள், வெளிச்சம் முனையில் உட்காரவில்லை.

பானையைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றாள். "இது யார் வீட்டுது?"

கூட்டம் ஆவுடைத்தங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

"இது யார் வீட்டுது?"

கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாத்தியதை உள்ளவர்தான் சொல்லவேண்டும் என்பது வழக்கம். ஆவுடைத்தங்கம் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இது யார் வீட்டுது?"

மூன்றாவது தரம் கேட்டுவிட்டு உலகம்மாள் பானையைப் படியில் வைத்தாள். வைத்துவிட்டு இறங்கினாள். இறங்கி, பாத்தியதை சொல்ல வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், தெருவில் எங்களோடு வந்து நின்றாள். தான் நின்ற அந்தப் படியை ஏறிட்டுப் பார்த்து, பஸ் டிரைவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்க வீட்டுது. எங்க அம்மை பொங்கல் வச்ச பானை. எனக்கு வேணும்."

கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லாத வீட்டுப் பெண், கேட்டேவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

இனிப் பதில் சொல்லவேண்டியவள் ஆவுடைத்தங்கம். போஸ்டரை விட்டுவிட்டுத் திரும்பினாள். வெகுகாலத்துக்குப் பிறகு மருமகளை நேராகப் பார்த்தாள்.

"ஆமா, அவ அம்மை பானைதான். இல்லைன்னு நான் சொன்னனா? இத்தனை வருசத்துல ஒரு நாளு வந்து கேட்டாளா அவ? கேட்டா குடுக்காமலா இருப்பேன்?"

"கேக்காமத் தரக்கூடாதா, அத்தை?"

அத்தை என்ற சொல் விழுந்ததும் கிழவியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, வெட்டு. ஒம் பேரையே வெட்டு. கோணாம வெட்டு, ஆமா. எங்க வீட்ல இருந்து போற பானை, நாலு பேரு பாப்பாவ."

உலகம்மாள் படியேறினாள். கழுத்திலிருந்த மெஷின் பெயரைத் தொடவில்லை, அது அப்பாவின் சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே, பானையின் தோளில், சாக்குப்பையின் மேல் பானையைச் சாய்த்து, உளியைத் திருப்பாமல் பானையைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு சுழியாக வெட்டினாள். வெண்கலச் சுருள்கள் பொன் மாதிரி அவள் மடியில் விழுந்தன. பஸ் கிளம்பவில்லை, யாரும் கிளம்பச் சொல்லவுமில்லை. வெட்டி முடித்ததும் ஆவுடைத்தங்கம் வந்து எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பானையைத் தூக்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஆச்சி, இது என்ன நியாயம்?" என்று கூட்டம் சத்தம் போட்டது.

"பேரு வெட்டியாச்சுல்லா? அப்ப அதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு மேலத்தெருவுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அது வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆச்சி பரண் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள் என்றார்கள், கயிற்றால் தூணில் கட்டியிருக்கிறாள் என்றார்கள். இத்தனை வருஷம் மேலத்தெருவில் கிடந்த பானை அந்த வீட்டை விட்டு வருமா வராதா என்று டீக்கடையில் வாக்குவாதம் நடந்தது. உலகம்மாள் உளியைத் தீட்டினாள், பெயர்களை வெட்டினாள். தன் எழுத்தில்தான் எங்கோ பிசிறு இருந்துவிட்டதோ என்பது ஒன்றுதான் அவளை அரித்தது.

போகி விடிந்தது. பழைய பாய்கள் எரிகிற புகையில் பாத்திரங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, பால்காரரும் போய்விட்டார். உலகம்மாள் கோலத்தை முடித்து நிமிர்ந்தபோது, தெருமுனையில், மற்றப் பாத்திரங்களைப் போல விறுவிறுவென்று இல்லாமல், நிறைமாதப் பெண் நடக்கிற மாதிரி நின்று நின்று, வெண்கலப் பானை வந்துகொண்டிருந்தது. புளிபோட்டு விளக்கிய பளபளப்பு. கழுத்தில் மஞ்சள் குலை. அது கோலத்தைச் சுற்றிக்கொண்டு படியேறி, கதவோரம் உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு மாதிரி உலோகச் சத்தம் விட்டது. உள்ளே விளிம்புவரை பச்சரிசி, அரிசியில் புதைத்துக் கருப்பட்டி, கருப்பட்டிமேல் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருகிற பொங்கல்படி, ஒன்று குறையாமல் இருந்தது. பூட்டும் இல்லை, கயிறும் இல்லை. கிழவி இத்தனை நாளும் பானையை நிறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பானையும் நிறைந்தபிறகு போகலாம் என்று காத்திருந்திருக்கிறது.

உலகம்மாள் பானையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மரியபுஷ்பம் தன் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் தைப்பொங்கல். பொங்கி வழிந்தபோது உலகம்மாள் போட்ட குலவை டீக்கடை வரைக்கும் கேட்டது. அப்புறம் அண்ணாச்சி கடையிலிருந்து வாங்கிவந்த புதுத் தூக்குச்சட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கல்லில் தீட்டி, நகத்தில் வைத்து, வெயிலில் பிடித்து, ஆவுடைத்தங்கம் என்று கோணாமல் வெட்டினாள். சுடச்சுடப் பொங்கலை நிறைத்து மூடி, வாசற்படியில் வைத்தாள். தானே கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்கு அவள் வீம்பு இன்னும் இளகவில்லை. தூக்குச்சட்டி விடியற்காலைக்காகக் காத்திருக்கவில்லை, பொங்கல் ஆறிவிடும் என்றோ என்னவோ, பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, படியிறங்கி மேலத்தெருவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.